எட்டு வரிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது: ஒரு அமெரிக்கக் கவிஞரைப் பற்றி விமர்சனம் எழுத ஒரு வழி

வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் பற்றி எழுத உட்காருகிறவர்கள் முதலில் தேடுவது அவருடைய வாழ்க்கைக் குறிப்பை. 1883இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் ரதர்ஃபோர்டு என்ற சிறிய ஊரில் பிறந்தார், டாக்டருக்குப் படித்தார், நாற்பது வருஷத்துக்கு மேல் அதே ஊரில் வைத்தியம் பார்த்தார், 1963இல் அங்கேயே இறந்தார், இறந்தபின் புலிட்சர் பரிசு கொடுத்தார்கள். இதை ஒரு பத்தியாக எழுதி, அடுத்து ஒரு கவிதையை மொழிபெயர்த்துப் போட்டு, எளிமை, ஆழம் என்று இரண்டு சொற்களைத் தூவி முடித்துவிடுகிறார்கள். அதை அறிமுகக் கட்டுரை என்று சொல்லலாம். கவிதைக்குள் ஒருவர் போய்விட்டு வந்ததற்கான தடயம் அதில் இருக்காது.

நான் சொல்லப்போகும் வழி இதற்கு நேர் தலைகீழ். வாழ்க்கைக் குறிப்பை மூடி வையுங்கள். ஒரே ஒரு கவிதையை எடுங்கள். அதுவும் சின்னதாக இருந்தால் நல்லது, ஏனென்றால் சின்னக் கவிதையில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது, உங்களுக்கும் சரி, கவிஞருக்கும் சரி.

அவருடைய 1923ஆம் வருஷத்துப் புத்தகமான 'ஸ்பிரிங் அண்ட் ஆல்' தொகுப்பில் 22 என்று எண் மட்டும் போட்ட கவிதை ஒன்று இருக்கிறது. 'த ரெட் வீல்பாரோ' என்ற தலைப்பு பிற்பாடு வந்தது. ஆங்கில ஓசை தெரிவதற்காக அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன்:

சோ மச் டிபெண்ட்ஸ்
அப்பான்

எ ரெட் வீல்
பாரோ

கிளேஸ்ட் வித் ரெய்ன்
வாட்டர்

பிசைட் த வைட்
சிக்கன்ஸ்

மொத்தம் 16 சொற்கள். வெள்ளைக் கோழிகளுக்குப் பக்கத்தில் மழைத் தண்ணீர் பட்டுப் பளபளக்கிற ஒரு சிவப்புத் தள்ளுவண்டி, அதை நம்பி எவ்வளவோ இருக்கிறது. அவ்வளவுதான் செய்தி.

முதல் வேலை, இதை உங்கள் கையால் ஒரு தாளில் எழுதுவது. காப்பி எடுத்து ஒட்டுவதில் பயனில்லை. கையால் எழுதும்போதுதான் 'வீல்' என்று எழுதியதும் பேனா நின்று, கீழே இறங்கி 'பாரோ' என்று எழுத வேண்டியிருப்பதை விரல் உணரும். எழுதி முடித்ததும் சத்தமாக இரண்டு தடவை வாசியுங்கள். வில்லியம்ஸ் தன் கவிதைகளைத் தானே வாசித்த ஒலிப்பதிவுகள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பென்சவுண்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவர் எங்கே மூச்சு விடுகிறார், தாளில் வரி முடிகிற இடத்தில் குரலும் நிற்கிறதா என்று பென்சிலால் குறித்துக்கொண்டே கேளுங்கள். கண்ணுக்குத் தெரிகிற வரியும் காதுக்குக் கேட்கிற வரியும் ஒன்றா வேறா என்பது பிறகு கட்டுரையில் ரொம்ப உதவும்.

அப்புறம் எண்ணுங்கள். கவிதையைப் போய் எண்ணுவதா என்று சிலருக்கு மனம் ஒப்பாது. ஆனால் யாப்பு படித்த நமக்கு எண்ணுவது புதுசில்லை. இந்தக் கவிதையில் நான்கு கண்ணிகள், ஒவ்வொன்றிலும் முதல் வரியில் மூன்று சொல், இரண்டாம் வரியில் ஒரு சொல். நான்கிலும் பிசகவே இல்லை. ஒலியசைகளை எண்ணினால் (நம்முடைய நேரசை, நிரையசைக் கணக்கு ஆங்கிலத்துக்குப் பொருந்தாது, அதைக் கொண்டு போய் வைக்காதீர்கள்) முதல் வரிகளில் 4, 3, 3, 4. இரண்டாம் வரிகளில் எப்போதும் 2. கதவின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதுபோல முதல் கண்ணியும் கடைசிக் கண்ணியும் பொருந்தி நிற்கின்றன. தளை இல்லை, எதுகை இல்லை, சந்தம் இல்லை, ஆகவே இது கட்டற்ற கவிதை என்று எழுதப் போனீர்கள் என்றால் இந்த எண்கள் உங்களைத் தடுக்கும். கட்டு இருக்கிறது. அவரே கட்டிக்கொண்ட கட்டு.

அடுத்து, கொஞ்சம் கொடூரமான சோதனை. கவிதையைக் கலைத்து ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். யாராவது வாசலில் வந்து நின்று அந்த வாக்கியத்தைச் சொன்னால், 'சரி, அதுக்கு என்ன?' என்றுதான் கேட்போம். ஹியூ கென்னர் என்ற விமர்சகர் 1970களில் இந்தக் கவிதையை எடுத்துக்கொண்டு, பேச்சாக வைத்தால் இதை யாரும் சொல்லவே மாட்டார்கள், தாளில் இப்படி அடுக்கி வைத்ததால்தான் இது நிற்கிறது என்கிற பொருளில் எழுதினார். அவர் சொன்னதால் நம்ப வேண்டாம், நீங்களே கலைத்துப் பாருங்கள். கலைத்தால் எது காணாமல் போகிறதோ அதைப் பற்றித்தான் உங்கள் கட்டுரை.

எனக்குக் காணாமல் போனது இது. 'வீல்பாரோ' ஆங்கிலத்தில் ஒரே சொல். அதை வெட்டி 'வீல்' என்று ஒரு வரியை முடிக்கிறார். அந்த நொடியில் நம் முன் ஒரு சிவப்புச் சக்கரம் மட்டும் இருக்கிறது. கண் கீழே இறங்கிய பிறகுதான் அது வண்டியாகிறது. 'ரெய்ன்' என்று அடுத்த வெட்டு. மழை பெய்துகொண்டிருக்கிறதோ என்று நினைக்கிறோம், கீழே 'வாட்டர்' வந்ததும் மழை நின்றுபோய்த் தண்ணீர் மட்டும் மிச்சமிருக்கிறது. 'வைட்' என்றதும் வெறும் வெள்ளை, பிறகு கோழிகள். ஒவ்வொரு கண்ணியிலும் பொருள் நம் கண் முன்னால் உருவாகிறது. தினமும் பார்க்கிற ஒன்றைப் பார்த்தவுடன் பெயர் வைத்து நகர்ந்துவிடுகிற பழக்கத்தை அவர் வரியை வெட்டியே தடுக்கிறார். இதைக் கண்டுபிடித்த நாளில் நான் அந்தத் தாளை இரவு முழுக்கச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

அகராதி பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். தெரிந்த சொல்லுக்குத்தான் அகராதி அதிகம் தேவை. 'டிபெண்ட்' என்ற சொல்லின் லத்தீன் வேருக்குத் தொங்குதல் என்று பொருள். இந்தக் கவிதையில் அந்தச் சொல்லுக்குக் கீழேதான் மற்ற எல்லாம் வரிசையாகத் தொங்குகின்றன, பார்த்தீர்களா? 'கிளேஸ்' என்பது கண்ணாடியோடு உறவுள்ள சொல். பீங்கான் பாத்திரத்தின் மேல் பூச்சுக்கும், ஓவியர்கள் படத்தின் மேல் மெல்லிசாகப் பூசும் பூச்சுக்கும் அதே சொல்தான். இந்தப் புத்தகத்தை வில்லியம்ஸ் காணிக்கையாக்கியது சார்ல்ஸ் டெமூத் என்ற ஓவிய நண்பருக்கு என்பது தெரிந்தால் அந்தச் சொல்லுக்கு இன்னொரு மினுக்கு கிடைக்கிறது. (அதே டெமூத் 1928இல் வில்லியம்ஸின் இன்னொரு கவிதையை, தீயணைப்பு வண்டியில் பாய்ந்து போகிற தங்க நிற 5ஐ, பெரிய ஓவியமாகத் தீட்டினார். நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.)

இங்கே ஒரு எச்சரிக்கை. 'பாரோ' என்ற சொல்லுக்குப் பழைய புதைமேடு என்றும் ஒரு பொருள் உண்டு. அகராதியில் அதைப் பார்த்ததும் மரணம், மறுபிறப்பு என்று கிளம்பிவிடத் தோன்றும். கவிதையில் வேறு ஒரு சொல்லாவது அந்தப் பொருளுக்குக் கை கொடுக்கிறதா என்று கேளுங்கள். கோழி கொடுக்கவில்லை, மழை கொடுக்கவில்லை. விட்டுவிடுங்கள். அகராதி காட்டுகிற பொருள்களில் கவிதைக்குள் துணை கிடைக்கிறதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது தமிழில் எழுதுகிறவருக்கு மட்டுமே கிடைக்கிற ஒரு கருவி: மொழிபெயர்ப்பு. கட்டுரையில் போடுவதற்காக இல்லை, உங்களுக்காகச் செய்து பாருங்கள். அமெரிக்காவில் உட்கார்ந்து இதைப் பற்றி எழுதுகிறவருக்கு இந்தச் சோதனை செய்ய வழியில்லை.

முதலில் தமிழ் வாக்கிய ஒழுங்கில்: 'வெள்ளைக் கோழிகளின் பக்கத்தில் மழைநீரில் பளபளக்கும் ஒரு சிவப்புத் தள்ளுவண்டியை நம்பி எவ்வளவோ இருக்கிறது.' பார்த்தால் எல்லாம் புரண்டு கிடக்கிறது. ஆங்கிலத்தில் கடைசியில் வரும் கோழிகள் முதலில் வந்துவிட்டன, முதலில் வரும் 'எவ்வளவோ' தீர்ப்பு மாதிரி கடைசியில் போய் உட்கார்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் கவிதை ஒரு பெரிய கூற்றில் தொடங்கி, சின்னதாகிச் சின்னதாகி, முற்றத்தில் மேய்கிற கோழியில் வந்து நிற்கிறது. எதை நம்பி, எதை நம்பி என்று நாம் காத்திருக்க, பதிலாக வருவது ஒரு வண்டி. தமிழில் அந்தக் காத்திருப்பே இல்லை. வண்டியைக் காட்டிவிட்டுப் பிறகு பாடம் சொல்வதுபோல ஆகிவிடுகிறது. அதனால் என்ன தெரிகிறது? இந்தக் கவிதையின் உயிர் படிமத்தில் மட்டும் இல்லை, படிமம் எந்த வரிசையில் வருகிறது என்பதிலும் இருக்கிறது. படிமக் கவிதை, ஹைக்கு மாதிரி என்று நம் பத்திரிகைகளில் இதைப் பற்றிச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோமே, அது போதாது என்பதற்கு உங்கள் கையிலேயே ஆதாரம் இருக்கிறது.

ஆங்கில வரிசையைக் காப்பாற்றி முயன்றால் என் கையில் இப்படி வந்தது:

எவ்வளவோ இருக்கிறது
நம்பி

ஒரு சிவப்புத் தள்ளு
வண்டியை

மெருகு பூசியது மழை
நீர்

பக்கத்தில் வெள்ளைக்
கோழிகள்

நல்ல மொழிபெயர்ப்பு என்று சொல்ல மாட்டேன். 'நம்பி' அந்தரத்தில் நிற்கிறது. ஆனால் தள்ளு, வண்டி என்றும் மழை, நீர் என்றும் அவர் வெட்டிய அதே இடத்தில் நம் சொல்லும் வெட்டுப்படுவதைப் பாருங்கள். இன்னொன்றும் நடந்தது. ஆங்கிலத்தில் தொங்குகிற சொல் தமிழுக்கு வரும்போது 'நம்பி' ஆகிவிட்டது. வண்டியை நம்பி இருக்கிறது என்றால் நமக்கு உடனே பிழைப்பு ஞாபகம் வருகிறது. அந்த வண்டியை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது என்றுதான் தமிழ்க் காது கேட்கும். ஆங்கிலக் கவிதை அப்படிச் சொல்லவில்லை. அதை நாம் கொண்டு போய்ச் சேர்த்தோம். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

இவ்வளவும் ஆன பிறகு வாழ்க்கைக் குறிப்பைத் திறக்கலாம். திறக்கும்போது கவனம் தேவை. நான் முதன்முதலில் இந்தக் கவிதையைப் பற்றி எழுதியபோது, டாக்டர் வில்லியம்ஸ் உயிருக்குப் போராடும் ஒரு குழந்தையின் படுக்கை அருகே உட்கார்ந்திருந்தார், ஜன்னல் வழியே இந்த வண்டியைப் பார்த்தார், அந்தக் குழந்தை பிழைப்பதுதான் அந்த 'எவ்வளவோ' என்று உருகி உருகி எழுதினேன். பல வகுப்பறைகளில் சொல்லப்பட்ட கதை அது. எங்கோ படித்தேன், நம்பினேன், அச்சில் வந்தும்விட்டது. அது உண்மை இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் கதையை வைத்து முழுக் கட்டுரையும் கட்டியிருந்ததால் திருத்தக்கூட வழியில்லை, கதையை எடுத்தால் கட்டுரையே விழுந்துவிடும். அதற்குப் பிறகுதான் கவிதையை முதலில் படி, கதையைப் பிறகு படி என்று எனக்கே ஒரு விதி வைத்துக்கொண்டேன்.

வில்லியம்ஸே இது பற்றி எழுதியிருக்கிறார். 1954இல் ஒரு பத்திரிகையில், மார்ஷல் என்ற வயதான கறுப்பின மனிதர் மேல் தனக்கு இருந்த பிரியத்திலிருந்து இந்தக் கவிதை பிறந்தது என்கிறார். மார்ஷல் ஒரு காலத்தில் மீன் பிடித்தவர், உறைபனிக் காலத்தில் கணுக்கால் அளவு ஐஸில் நின்று மீனை அடுக்கியவர், அவர் வீட்டுப் பின்புறத்தில்தான் அந்தச் சிவப்பு வண்டியையும் வெள்ளைக் கோழிகளையும் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் வில்லியம் லோகன் என்ற கவிஞர்-விமர்சகர் பழைய ஆவணங்களைத் தேடி, அந்த மார்ஷல் ரதர்ஃபோர்டில் தெருவில் பொருள் விற்று வாழ்ந்த தாடியஸ் மார்ஷல் என்று அடையாளம் கண்டார். பெயரில்லாமல் கிடந்த அவருடைய கல்லறைக்கு 2015இல் கல் வைத்தார்கள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்த இடம் இது. தெருவில் பொருள் விற்றவர்! தமிழின் 'நம்பி' தன்பாட்டுக்கு இழுத்துவந்த பிழைப்பு, உண்மையிலேயே அந்த முற்றத்தில் இருந்திருக்கிறது. ஆனால் இதைக் கட்டுரையில் எழுதும்போது இரண்டையும் கலக்கக் கூடாது. கவிதையில் மார்ஷல் இல்லை. அவருடைய வண்டி இருக்கிறது, கோழி இருக்கிறது, அவர் இல்லை. அதனால் இரண்டு கேள்விகளை நேராகக் கேட்கலாம். பிரியத்திலிருந்து பிறந்த கவிதையில் பிரியத்துக்குரியவர் ஏன் இல்லை? ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஒரு கறுப்பின வியாபாரியின் கொல்லையைப் பார்த்து எழுதி, அந்த வியாபாரியின் பெயர் வெளிவர இத்தனை காலம் ஆனதைக் கவிதையின் குறையாகச் சொல்லலாமா? சொல்லலாம் என்பது என் கட்சி, ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் அந்த வரி வெட்டுகள் செய்கிற வேலையைப் பேசாமல் விட்டதாகிவிடும். இரண்டையும் ஒரே கட்டுரையில் தாங்கிக்கொள்ள வேண்டும். கஷ்டம்தான்.

அடுத்தது, கவிதையை அதன் புத்தகத்தில் திருப்பி வைப்பது. தொகுப்புகளில் தனியாகப் பார்த்துப் பழகிய இந்தக் கவிதை, 1923 புத்தகத்தில் கோபமும் வேகமுமான உரைநடைக்கு நடுவே இருக்கிறது. கற்பனை என்றால் என்ன, ஓவியர் ஹுவான் கிரிஸ் என்ன செய்கிறார் என்றெல்லாம் பேசிக்கொண்டே போய் நடுநடுவே 27 கவிதைகளைச் செருகியிருக்கிறார். அத்தியாய எண்கள் முறைப்படி வராது, ஒரு தலைப்பு தலைகீழாகக்கூட அச்சாகியிருக்கும். பிரான்சில் அச்சான சுமார் 300 பிரதிகள்தான், முழு வடிவத்தில் மறுபடி வந்தது 1970இல். முந்தின வருஷம், 1922இல், கவிஞர் டி. எஸ். எலியட்டின் நீண்ட கவிதையான 'த வேஸ்ட் லேண்ட்' வந்திருந்தது. பல மொழி மேற்கோள்களும் புராணங்களும் நிறைந்த அந்தக் கவிதை தங்கள் உலகத்தின் மேல் அணுகுண்டு போல விழுந்தது என்று வில்லியம்ஸ் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அடிக்குறிப்பு தேவைப்படாத ஒரு வண்டியையும் கோழியையும் அடுத்த வருஷம் அவர் வைத்ததை இந்தச் சண்டையோடு சேர்த்துப் படித்தால் அந்த எளிமைக்குள் இருக்கிற பிடிவாதம் தெரியும். சரி, இதை ஒரு பத்திக்கு மேல் நீட்ட வேண்டாம். இலக்கிய வரலாறு சுலபமாகக் கட்டுரையை விழுங்கிவிடும்.

இவ்வளவு சேர்ந்த பிறகு ஒரு கேள்வியைப் பிடியுங்கள். கட்டுரைக்கு அச்சாணி அதுதான். வில்லியம்ஸின் புகழ்பெற்ற கொள்கை, கண்ணால் பார்க்கிற பொருள்களில் அல்லாமல் கருத்து இல்லை என்பது. அப்படிச் சொன்னவரின் புகழ்பெற்ற கவிதை எதில் தொடங்குகிறது? 'எவ்வளவோ இதை நம்பி இருக்கிறது.' அது பொருள் இல்லை, சுத்தமான கருத்து. பதினாறில் நான்கு சொற்களை, கால் பங்கை, தன் கொள்கைக்கு எதிராகவே செலவழித்திருக்கிறார். அது பலவீனம் என்று ஒருவர் வாதாடலாம். எனக்கு அது பலம். அந்த நான்கு சொல்லை மூடிவிட்டுப் படித்தால் மிச்சம் ஒரு அழகான படம், அவ்வளவுதான். அந்த நான்கு சொல்தான் இதைப் பார்க்காமல் போகாதே என்று கையைப் பிடித்து இழுக்கிறது, ஆனால் ஏன் என்று கடைசிவரை சொல்வதில்லை. நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் சரி, ஒரு பக்கம் நில்லுங்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று முடிகிற விமர்சனத்தைப் படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது.

எழுதும்போது கவிதையையே முதல் பத்தியில் வையுங்கள், பிறந்த வருஷம் நாலாவது பத்தியில் வந்தால் போதும். 'அற்புதமான', 'ஆழ்ந்த', 'தனித்துவமான' என்று எழுதுகிற ஒவ்வொரு இடத்திலும் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, எந்த வரியில் எந்தச் சொல் அப்படி நினைக்க வைத்தது என்று எழுதுங்கள். ஒரு கவிதையில் கண்டதை அதே கவிஞரின் இன்னொரு கவிதையில் சோதித்துப் பார்க்கவும் வேண்டும், இல்லாவிட்டால் அது தற்செயலா வழக்கமா என்று தெரியாது. இதற்கு 1935இல் வந்த 'டு எ புவர் ஓல்ட் உமன்' கவிதையை எடுக்கலாம். தெருவில் ஒரு ஏழைக் கிழவி காகிதப் பையிலிருந்து பிளம்ஸ் எடுத்துத் தின்கிறாள். அவளுக்கு அது நன்றாக ருசிக்கிறது ('தே டேஸ்ட் குட் டு ஹர்') என்ற ஒரே வாக்கியம் மூன்று தடவை அடுத்தடுத்து வருகிறது. முதல் தடவை முழு வரியாக. இரண்டாம் தடவை 'நன்றாக' என்பதில் வரி ஒடிகிறது. மூன்றாம் தடவை 'ருசி'யில் ஒடிகிறது. சொல் ஒன்றுகூட மாறவில்லை, ஒடிகிற இடம் மட்டும் நகர, அழுத்தம் வாக்கியம் முழுவதிலிருந்து 'நன்றாக' என்பதற்கும், பிறகு நாக்குக்கும் போகிறது. நாமே ஒரு பழத்தை மூன்று கடி கடித்த மாதிரி இருக்கும். வண்டிக் கவிதையில் நீங்கள் கண்டுபிடித்த வெட்டு, இங்கே பசியையும் சந்தோஷத்தையும் சொல்லப் பயன்பட்டிருக்கிறது.

முதல் கட்டுரையை எழுதி முடித்துவிட்டு அடுத்து எதை எடுப்பது என்று தேட வேண்டாம். 1934இல் வந்த 'திஸ் இஸ் ஜஸ்ட் டு சே' கவிதையை எடுங்கள். ஐஸ்பெட்டியில் நீ காலைச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பிளம்ஸைத் தின்றுவிட்டேன், மன்னித்துவிடு என்று வீட்டில் எழுதி வைத்த சீட்டு மாதிரி இருக்கும், 28 சொற்கள், 12 வரிகள். ஆங்கிலத்தில் முதல் எழுத்து பெரிய எழுத்தாக (கேப்பிடல்) இருக்கும் சொற்கள் தலைப்பைத் தவிர இரண்டே இரண்டு: 'நான்' என்பதும் 'மன்னித்துவிடு' என்பதும். மன்னிப்புக் கேட்ட பிறகும் மூன்று வரி மிச்சமிருக்கிறது, அந்த மூன்று வரியில் பழம் எவ்வளவு ருசி, எவ்வளவு இனிப்பு, எவ்வளவு ஜில்லென்று இருந்தது என்று சொல்கிறார். இது மன்னிப்பா, இல்லை தின்ற சந்தோஷத்தை இன்னொரு தடவை அனுபவிப்பதா? தாளை எடுத்துக் கையால் எழுதத் தொடங்குங்கள்.